வெயில் தங்கும் ஆழம்: கடல்நீரின் தெளிவும் மேற்பரப்பின் அன்றாட வெப்பமும்

2011-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் ‘சிண்டி–டைனமோ’ என்ற பன்னாட்டுக் கள ஆய்வு நடந்தது. மழைமேகக் கூட்டங்கள் அங்கே திரண்டு கிழக்கு நோக்கி நகர்வது எப்படி என்று அறிவதே அதன் நோக்கம். கப்பல்களும் ரேடார்களும் வானத்தைக் கவனித்துக்கொண்டிருக்க, ஆளில்லாத சிறு மூழ்குகலம் ஒன்று கடலுக்குள் ஓயாமல் இறங்கி ஏறி நீரின் வெப்பநிலையைப் பதிவுசெய்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்து ஆட்ரியன் மேத்யூஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி நாள்களில் கடலின் மேல்மட்டத்தில் பகல் வெப்ப அடுக்கு ஒன்று உருவாகியிருந்தது. பிற்பகலில் மேற்பரப்பின் வெப்பநிலை பல நாள்களில் 0.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருந்தது. கீழே போகப் போக இந்தக் கூடுதல் வெப்பம் தேய்கிறது. தேயும் வேகத்தைக் குறிக்கும் ஆழம் 4 முதல் 5 மீட்டர். அந்த ஆழமும் நிலையாக இல்லை. நீரில் உள்ள பச்சையத்தின் அளவுக்கேற்ப அது மாறியது.

நடுக்கடலில் ஆயிரம் லிட்டர் நீரை அள்ளினால் அதில் இருக்கும் பச்சையம் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமை எட்டாது. அந்தச் சிறு அளவு கூடிக் குறைவதால் ஒரு பெருங்கடலின் மேற்பரப்பு சூடேறும் விதம் மாறுகிறது என்பது முதலில் நம்பும்படியாக இல்லை. காரணத்தை ஒளியின் நிறங்களில் தேட வேண்டும்.

கடலில் விழும் வெயிலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நீர் அதை வெகு வேகமாக உறிஞ்சிவிடும். முதல் ஒரு மீட்டரைத் தாண்டுவது மிகச் சொற்பம். இந்தப் பாதியைப் பொறுத்தவரை நீர் தெளிவாக இருந்தாலும் கலங்கியிருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதில் சிவப்பு சில மீட்டர்களிலேயே தீர்ந்துபோகிறது. மஞ்சளும் பச்சையும் இன்னும் சற்று இறங்குகின்றன. தூய நீரில் மிக ஆழம் வரை போவது நீலம். பச்சையமோ 440 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் மிக வலுவாக உறிஞ்சுகிறது. நீர் கீழே போக விடுகிற நிறத்தையே தாவர மிதவை உயிரிகள் மேலேயே பிடித்துக்கொள்கின்றன. பிடித்த ஒளியில் ஒளிச்சேர்க்கைக்குச் செலவாகி உயிர்ப்பொருளில் சேமிக்கப்படுவது சிறு பங்கு. மற்றதெல்லாம் வெப்பமாகிச் சுற்றியுள்ள நீரில் கலக்கிறது.

கடலின் தெளிவை அளக்கும் முயற்சி பழையது. 1865-ல் இத்தாலிய வானியலாளரும் இயேசு சபைத் துறவியுமான ஆஞ்சலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து தட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகின்றன என்று குறித்தார். செக்கி தட்டு என்ற பெயரில் அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1986-ல் அண்டார்க்டிக்காவை ஒட்டிய வெட்டெல் கடலில் அது 80 மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. ஆனால் செக்கி தட்டு சொல்வது மனிதக் கண் காணும் தெளிவை. வெப்பக் கணக்குக்கு வேண்டியது, எந்த ஆழத்தில் எத்தனை சதவீதம் ஆற்றல் மிஞ்சியிருக்கிறது என்ற எண். அதற்கு வழி செய்தவர் சுவீடன் நாட்டுக் கடலியலாளர் நீல்ஸ் ஜெர்லவ். 1947–48-ல் ‘ஆல்பட்ராஸ்’ கப்பலில் நடந்த சுவீடன் ஆழ்கடல் பயணத்தில் கிடைத்த ஒளி அளவீடுகளைக் கொண்டு, 1951-ல் கடல்நீரை அதன் ஒளித்தன்மையை வைத்து வகைப்படுத்தினார். பின்னர் விரிவான அந்த வகைப்பாட்டில் நடுக்கடல் நீர் ஐந்து வகை. மிகத் தெளிந்தது முதல் வகை, உயிரிகள் செறிந்து மங்கியது மூன்றாம் வகை, இடையில் மற்றவை. 1977-ல் கிளேடன் பால்சனும் ஜேம்ஸ் சிம்சனும் இந்த வகைகள் ஒவ்வொன்றுக்கும் எளிய சூத்திரம் தந்தார்கள். கடல் மாதிரிக் கணக்குகள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது.

அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிவின் வலிமை விளங்கும். நீருக்குள் நுழைந்த வெயிலில், முதல் வகை நீரில் 5 மீட்டருக்குக் கீழே இறங்குவது 34 சதவீதம். மூன்றாம் வகையில் 14 சதவீதம். 10 மீட்டரில் அது 27-க்கு 6. 25 மீட்டரில் 14-க்கு 1. தெளிந்த நீரில் 25 மீட்டர் ஆழத்திலும் வெயிலில் ஏழில் ஒரு பங்கு இன்னும் வெப்பமாக மாறாமல் இருக்கிறது. மங்கிய நீரில் அதே ஆழம் வெப்பக் கணக்கைப் பொறுத்தவரை இருட்டு.

வெப்பமண்டலக் கடலில் மேகமில்லாத ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்குள் 20 மெகாஜூல் ஆற்றல் நுழைகிறது என்று கொள்வோம். ஒரு கனமீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.1 மெகாஜூல் தேவை. காற்றில்லாத நாள், மேல் 5 மீட்டர் கீழே உள்ள நீரோடு கலக்கவில்லை. தெளிந்த நீரில் இந்த அடுக்கில் தங்குவது 13.2 மெகாஜூல், மங்கிய நீரில் 17.2. இதோடு நிறுத்தினால் வெப்பநிலை உயர்வு முறையே 0.64, 0.84 டிகிரி. வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும்.

ஆனால் கடல் வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. நீர் ஆவியாவதாலும் அகச்சிவப்புக் கதிர்வீச்சாலும் இழந்துகொண்டும் இருக்கிறது. வரவு பல மீட்டர் ஆழத்துக்குப் பரவி விழுகிறது. செலவோ முழுக்க மேற்பரப்பிலிருந்தே போகிறது. இழப்பு சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால் பகல் 12 மணி நேரத்தில் 6.5 மெகாஜூல் போய்விடும். மிஞ்சுவது தெளிந்த நீரில் 6.7, மங்கிய நீரில் 10.7. வெப்பநிலை உயர்வு இப்போது 0.33, 0.52 டிகிரி. மங்கிய நீர் ஒன்றரை மடங்குக்கும் மேலாகச் சூடேறியிருக்கிறது. இரண்டுக்கும் வரவும் ஒன்று, செலவும் ஒன்று. வரவு எந்த ஆழத்தில் விழுந்தது என்பது மட்டுமே வேறு. இது நான் போட்ட எளிய கணக்கு. உண்மைக் கடலில் 5 மீட்டரில் சுவர் எதுவும் கிடையாது. ஆனாலும் தெளிவின் விளைவு நேர்விகிதத்தைத் தாண்டிப் பெருகும் காரணத்தை இது சரியாகவே காட்டுகிறது.

இந்தக் கணக்கில் காற்றில்லை என்று எடுத்துக்கொண்டது மிகப் பெரிய அனுமானம். அன்றாட வெப்பத்தில் காற்றுக்கே முதலிடம். தெளிவு அதற்குப் பின்னால்தான் வரும். இந்த வரிசையை மறந்துவிட்டு எழுதப்படும் விளக்கங்கள் தெளிவுக்கு அதற்கில்லாத வல்லமையை ஏற்றிவிடுகின்றன. ஜேம்ஸ் பிரைஸ், ராபர்ட் வெல்லர், ராபர்ட் பிங்கல் மூவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் போட்டியைத் தெளிவாக வகுத்தது. வெயில் மேல்நீரைச் சூடாக்கி இலேசாக்குகிறது. காற்று அந்த இலேசான நீரைக் கீழே தள்ளிக் கலக்கப் பார்க்கிறது. காற்று ஓங்கினால் வெப்பம் பல பத்து மீட்டருக்குப் பரவிப் பகல்–இரவு வேறுபாடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அந்நிலையில் வெயில் 3 மீட்டரில் தங்கினாலும் 15 மீட்டரில் தங்கினாலும் அன்றைய மேற்பரப்பு வெப்பத்துக்கு ஒன்றுதான். காற்று எல்லாவற்றையும் கலந்துவிடும். காற்று வினாடிக்கு 2 அல்லது 3 மீட்டருக்குக் கீழே தணியும்போது நிலைமை மாறுகிறது. வெப்ப அடுக்கின் தடிமனைத் தீர்மானிக்கக் காற்றுக்கு வலு இல்லாதபோது, ஒளி இறங்கும் ஆழமே அதைத் தீர்மானிக்கிறது. மேத்யூஸ் குழு கண்ட வெப்ப அடுக்குகளும் காற்று வினாடிக்கு 6 மீட்டருக்கும் குறைவாக வீசிய நாள்களில் உருவானவையே. காற்று அறவே ஓய்ந்த சில இடங்களில் ஒரே பகலில் மேற்பரப்பு 5 டிகிரிக்கும் மேல் சூடேறியதைச் செல் ஜென்டிமனும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் பல செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள்.

இரவில் குளிர்ந்த மேல்நீர் கனத்து இறங்க, அடுக்கு கலைந்துவிடும். அப்படியானால் பகலில் அரை டிகிரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். விடை மேத்யூஸ் குழுவின் எண்களிலேயே இருக்கிறது. பிற்பகலின் உச்சம் 0.8 டிகிரி என்றால், இரவையும் சேர்த்து நாள் முழுவதுக்குமான சராசரியில் 0.2 டிகிரி மிஞ்சி நிற்கிறது. அந்தக் கூடுதல் வெப்பத்தால் கடலிலிருந்து வளிமண்டலத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 வாட் அதிகமாகப் போகிறது. மேகங்கள் திரள்வதற்கு முந்தைய அமைதியான நாள்களில்தான் இந்த அடுக்கு மிகுதியாக உருவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளிமண்டலம் தொடுவது கடலின் மேல்தோலை மட்டுமே. அதன் மதிய வெப்பநிலைக்கு ஏற்றபடி ஈரம் மேலே போகிறது.

இந்தப் பொருளைப் படிப்பதற்கு அரபிக்கடலை விடப் பொருத்தமான இடம் குறைவு. ஆண்டுக்கு இருமுறை அதன் நிறம் மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி ஆழ்நீர் மேலெழுந்து ஊட்டச்சத்தைக் கொண்டுவருகிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று வடபகுதியின் மேல்நீரைக் குளிர்வித்துக் கலக்கிவிடுவதால் அங்கேயும் ஊட்டச்சத்து மேலே வருகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் பச்சையாகிறது. இரண்டு பருவங்களுக்கும் இடையில், ஏப்ரல் மே மாதங்களில், அதன் நடுப்பகுதி தெளிந்த நீலமாகக் கிடக்கிறது.

‘நிம்பஸ்–7’ செயற்கைக்கோள் 1978 முதல் 1986 வரை கடலின் நிறத்தைப் படம்பிடித்தது. அந்தப் படங்களைப் பயன்படுத்திச் சுபா சத்யேந்திரநாத், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் சதீஷ் ஷெட்யே உள்ளிட்ட ஐவர் 1991-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரபிக்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை பருவத்துக்குப் பருவம் மாறுவதில் தாவர மிதவை உயிரிகளின் பரவல் தீர்மானமான பங்கு வகிக்கிறது என்பது அதன் முடிவு. அதுவரை கடலின் வெப்பம் இயற்பியலாளர்களின் துறை. உயிரிகள் அந்த வெப்பத்துக்கு ஏற்ப வாழ்பவை. உயிரிகளே வெப்பத்தை மாற்றவும் செய்யும் என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒரு முழுக் கடலுக்கும் கணக்கிட்டுக் காட்டியதால் அந்தக் கட்டுரையை முக்கியமானதாகக் கருதுகிறேன். 1994 அக்டோபர் முதல் 1995 அக்டோபர் வரை ஓமனுக்கு அப்பால் நடுக்கடலில் நங்கூரமிட்ட மிதவை ஒன்று வானிலையையும் நீரின் வெப்பத்தையும் ஒளித்தன்மையையும் ஓராண்டு முழுவதும் ஒரே இடத்தில் பதிவுசெய்தது. ஒரே நீரில் இரண்டு வகை அளவீடுகளும் சேர்ந்து கிடைப்பது அப்போது அரிது.

அன்றாட வெப்பத்தின் கோணத்தில் அரபிக்கடலின் நாள்காட்டியைப் படித்தால் ஒரு நுட்பம் தென்படும். ஜூலையில் மேற்குப் பகுதி பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் பருவக்காற்று உக்கிரமாக வீசுவதால் பகல் வெப்ப அடுக்கு உருவாக வழியில்லை. ஏப்ரலில் காற்று ஓய்ந்திருக்கிறது. ஆனால் நீர் தெளிந்திருப்பதால் வெயிலில் கணிசமான பங்கு கீழே இறங்கிவிடுகிறது. பச்சை நீரும் தணிந்த காற்றும் சேரும் நாள்கள் பருவங்களின் ஓரங்களில் வருகின்றன: பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வடபகுதியில், பிறகு தென்மேற்குக் காற்று தளரும் செப்டம்பரில். ஆண்டுச் சராசரியாக ஒரே தெளிவு எண்ணைப் போட்டுக் கணக்கிடும் மாதிரி இந்த ஓர நாள்களைத்தான் தவறவிடும்.

வங்காள விரிகுடாவில் கதை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எனப் பெரிய ஆறுகளும் மழையும் கொண்டுவரும் நன்னீர் கடலின் மேல் இலேசான அடுக்காகப் படிகிறது. காற்று அதைக் கலக்குவது கடினம். அதனால் வடபகுதியில் மேல்நீர் கலந்து ஒரே சீராக இருக்கும் கலவை அடுக்கு பல மாதங்களில் மிக மெல்லியது. அதற்கும் கீழே உள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவே, உப்பு கூடிய ஆனால் வெப்பம் குறையாத இன்னோர் அடுக்கு இருக்கும். தெளிந்த நீரில் வெயில் மெல்லிய கலவை அடுக்கைத் துளைத்து இந்த இடை அடுக்கில் போய்த் தங்குகிறது. குளிர்காலத்தில் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் கீழே இதமான நீர் ஒளிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவை அடுக்கின் தடிமன் 10 மீட்டர் என்று வைத்து, நாள் சராசரி வெயில் சதுர மீட்டருக்கு 230 வாட் என்று எடுத்தால், முதல் வகை நீரில் அடுக்குக்குக் கீழே தப்பிப்பது 62 வாட், மூன்றாம் வகையில் 14 வாட். வேறுபாடான 48 வாட்டும் 10 மீட்டர் நீரில் தங்கினால் நாளொன்றுக்கு 0.1 டிகிரி. மேற்பரப்பு சூடாகச் சூடாக ஆவியாதலும் கூடி அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே மாதம் 3 டிகிரி என்று இதைப் பெருக்கிவிடக் கூடாது. இருந்தாலும் இது அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல.

2016 கோடையில் இந்தியாவும் பிரிட்டனும் சேர்ந்து வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் ‘பாபுள்’ என்ற கள ஆய்வை நடத்தின. அதில் பங்கேற்ற குழுவினர் சிலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட மாதிரிக் கணக்கு, பச்சையத்தின் அளவை இடத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தது. ஒரு கனமீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பச்சையம் இருக்கும் கரையோரங்களில், கலவை அடுக்கு மெலியும் பருவ இடைவெளிகளில், மேற்பரப்பு 0.5 டிகிரி கூடியது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வேளையில் மியான்மர் கரையிலும், அது முடிந்த பின்னர் வடகிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மழை நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் வரை அதிகரித்தது. அத்துடன் மாதிரியின் பிழையும் குறைந்தது. மழைக் கணக்கில் பச்சையம் வந்து நிற்கும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் வானிலையாளர்களில் சிலரே எதிர்பார்த்திருப்பார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கலங்கிய கடல் என்றால் சூடான கடல் என்று முடிவுகட்டினால் அது தவறாகும். தெளிவு குறைவதால் வெயிலின் மொத்தம் கூடுவதில்லை. மேலே கூடுவது கீழே குறைகிறது. பசிபிக்கின் மேற்குப் பகுதியில் இதன் மறுபக்கத்தை மார்லன் லூயிசும் உடன் ஆய்வாளர்களும் 1990-ல் காட்டினார்கள். அக்கால மாதிரிகள் அங்கே மேற்பரப்பை உண்மைக்கு மேல் சூடாகக் காட்டின. நீர் மிகத் தெளிந்திருப்பதால் வெயிலில் ஒரு பங்கு கலவை அடுக்கைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதை மாதிரிகள் கணக்கில் எடுக்காதது அதற்கொரு காரணம். 1992–93-ல் அதே பகுதியில் நடந்த ‘டோகா–கோர்’ கள ஆய்வில் டேவிட் சீகலின் குழு இதை நேரில் அளந்தது. 30 மீட்டருக்குக் கீழே சராசரியாகச் சதுர மீட்டருக்கு 23 வாட் போய்க்கொண்டிருந்தது. இடையில் மேற்கிலிருந்து பலத்த காற்று சில நாள் வீசி, ஊட்டச்சத்து மேலே வந்து, பச்சையம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. உடனே கீழே போகும் வெயிலில் 5.6 வாட் குறைந்தது; அது மேலடுக்கில் தங்கியதால் மாதத்துக்கு 0.13 டிகிரி கூடுதல் வெப்பம். காற்று வீசிக் கடலைக் குளிர்விக்கிறது. அதே காற்று உயிரிகளை வளர்த்து, கடல் மீண்டும் சூடேறுவதை விரைவுபடுத்துகிறது.

நீண்டகால விளைவில் குறியே மாறிப்போகும் இடங்களும் உண்டு. மேலே உயிரிகள் நிழலிட்டால் கீழே உள்ள நீருக்கு வெயில் கிடைப்பதில்லை. அது குளிர்ந்தே இருக்கும். அந்நீர் நீரோட்டத்தில் நெடுந்தொலைவு போய் வேறோர் இடத்தில் மேலெழும்போது அங்கே மேற்பரப்பைக் குளிர்விக்கும். பச்சையத்தைச் சேர்த்து நகமோட்டோ குழு 2001-ல் செய்த மாதிரிக் கணக்கில் கிழக்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி இப்படித்தான் குளிர்ந்தது. 2005-ல் மனிட்சா குழு உலகக் கடல்கள் முழுவதுக்கும் கணக்கிட்டபோது, உயிரிகள் மேற்பரப்பு வெப்பநிலையின் பருவ ஏற்ற இறக்கத்தை ஏறத்தாழ 10 சதவீதம் பெருக்குவதாகக் கண்டது: கோடையில் கூடுதல் வெப்பம், குளிர்காலத்தில் கூடுதல் குளிர். அன்றாடச் சுழற்சியிலும் இதே தர்க்கம் பொருந்தும். மெல்லிய அடுக்கு மதியம் விரைவாகச் சூடேறும், இரவில் விரைவாகக் குளிரும்.

கலங்கல் எல்லாமும் ஒரே வகை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சுகிறது. ஆறுகள் கொண்டுவரும் மட்கிய தாவரப்பொருள் கரைந்த மஞ்சள் நீர் நீலத்தை இன்னும் கடுமையாக உறிஞ்சுகிறது. வண்டலோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்பி, வெப்பமாகாமலே கடலை விட்டு வெளியேறிவிடும். சுண்ணாம்புத் தகடுகள் போர்த்திய சில நுண்ணுயிரிகள் பெருகும்போது கடல் பால்நிறமாகி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒரு கடல் மங்கலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது; எதனால் மங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

உயிரிகள் நீரில் பரவிக் கிடக்கின்றனவா, மேற்பரப்பில் திரண்டு மிதக்கின்றனவா என்பதும் வேறுபாட்டை உண்டாக்கும். பால்டிக் கடலில் கோடையில் நீலப்பச்சைப் பாசிகள் மேலே ஏடாகப் படர்கின்றன. அந்த இடங்களில் மேற்பரப்பு, சுற்றியுள்ள நீரைவிட 1.5 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறியதை மாத்தி கஹ்ருவின் குழு 1993-ல் செயற்கைக்கோள் படங்களில் கண்டது. இந்தியக் கடல்களில் கோடைக்கு முந்தைய அமைதியான வாரங்களில் பெருகும் டிரைக்கோடெஸ்மியமும் ஒரு நீலப்பச்சைப் பாசியே. உடலுக்குள் வாயு அறைகள் கொண்டிருப்பதால் மேலே மிதந்து வரக்கூடியது. காற்று ஓய்ந்தால் அது மேலே திரளும். திரண்டால் வெயிலை மேலேயே பிடிக்கும். மேல்நீர் சூடாகி இலேசானால் நீர் கலப்பது இன்னும் கடினமாகும். அடுத்த பலத்த காற்று வரும்வரை இந்தச் சுழல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இத்தனை முக்கியமான மேல் 5 மீட்டரை நாம் அளக்கும் விதம் போதுமானதல்ல. உலகக் கடல்களில் மிதக்கும் ஆர்கோ கருவிகளில் பல மேலே வரும்போது ஏறத்தாழ 5 மீட்டரிலேயே அளவீட்டை நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டவை. மேற்பரப்பின் அழுக்கு உணரிக்குள் போகாமல் காக்க அந்த ஏற்பாடு. அகச்சிவப்புச் செயற்கைக்கோள் பார்ப்பதோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவிலான மேல்தோல். ஒன்று வெப்ப அடுக்குக்குக் கீழே நிற்கிறது, மற்றொன்று அதன் உச்சியைத் தொடுகிறது. பகல் வெப்பம் கலக்காத வெப்பநிலையைத் தனியே வரையறுத்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார்கள். அப்படிப் பொருத்தும்போது காற்றையும் வெயிலையும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு நீரின் நிறத்தை எடுப்பதில்லை என்பது என் குறை. கரையோரக் கடல்களுக்கு இது உண்மையான இழப்பு. 2022 நவம்பர் 26 அன்று இந்தியா ஏவிய ‘ஓஷன்சாட்–3’ செயற்கைக்கோள், கடலின் நிறத்தைப் பார்க்கும் கருவி, மேற்பரப்பு வெப்பநிலையைப் பார்க்கும் கருவி, காற்றை அளக்கும் கருவி ஆகிய மூன்றையும் சேர்த்தே ஏந்திச் சென்றது. இக்கட்டுரையில் பேசிய மூன்று அளவுகளும் அவைதான்.

ஆழமற்ற கடலுக்கு மட்டும் இந்த விதிகளை அப்படியே கொண்டுபோக முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் சில மீட்டர் நீருக்குள் இருக்கின்றன. அங்கே நீர் தெளிந்திருந்தால் வெயில் தரைவரை போகும். ஆனால் தரைக்குக் கீழே தப்பிக்க வழியில்லை. தரையில் கடற்புல் இருந்தால் ஒளியை உறிஞ்சும், வெண்மணல் இருந்தால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மொத்த நீரும் பெறும் வெப்பத்தில் தெளிவால் வரும் வேறுபாடு ஆழ்கடலில் இருப்பதைவிடக் குறைவு. பெரிய வேறுபாடு பவளம் பெறும் ஒளியில் இருக்கிறது. பவளத்தை வெளுக்கச் செய்வது வெப்பம் மட்டுமல்ல, வெப்பத்தோடு சேர்ந்த கடும் ஒளியும்தான். 2010-ல் பசிபிக்கின் பலாவு தீவுகளில் வெப்ப அலை வந்தபோது, வெளிக்கடலை நோக்கிய தெளிந்த நீரின் பவளங்களைவிடக் கரையோர விரிகுடாக்களின் பவளங்கள் குறைவாக வெளுத்தன. விரிகுடா நீர் அதிகச் சூடாக இருந்தும் இப்படி நேர்ந்ததை ராபர்ட் வான் வூசிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் எழுதினார்கள். நீரில் மிதந்த துகள்கள் தந்த நிழல் அதற்கு அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2019 செப்டம்பரில் மண்டபத்தை ஒட்டி நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி பெருகி நீர் பச்சையானபோது பவளங்கள் மடிந்தது ஆக்சிஜன் குறைவால்; அதை வெப்பத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. கலங்கல் ஒரு பவளத்துக்கு நிழலாகலாம், அதன் மேல் படியும் வண்டலாகலாம், மூச்சை அடைக்கும் உயிரிக் கூட்டமாகலாம். எது எப்போது நடக்கிறது என்று பிரித்தறிய, செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலை உதவாது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை பவளம் இருக்கும் ஆழத்திலேயே வெப்பமானியையும் ஒளியளவியையும் சேர்த்து வைத்து, மேற்பரப்பில் இன்னொரு வெப்பமானியை மிதக்கவிட்டு, மணிக்கு மணி பதிவெடுக்க வேண்டும். இதற்கான உணரிகள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. கடலுக்குள் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடலாம்.